கண் இரண்டையும் மட்டும் விட்டுவிடுங்கள்

வேலைக்குப் போகும் வழியில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. நான் போகும் நேரத்தில் அது பச்சையாக இருந்ததே இல்லை. அதில் நிற்கும்போதெல்லாம் முன்னால் நிற்கும் காரின் முதுகைப் படிப்பேன். சாதாரண தரச் சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இந்த அமெரிக்காவில் எனக்கு இங்கிலீஷ் படிப்பித்தவை பெரும்பாலும் கார்களின் முதுகுகள்தான். நாய்ப் படம், மீன் படம், தேர்தலில் தோற்றுப்போனவரின் பெயர் என்று பலதும் ஒட்டியிருப்பார்கள். ஒருநாள் ஒரு வெள்ளைக் காரில், "எங்கள் பிள்ளை இன்ன பள்ளிக்கூடத்தின் சிறப்பு மாணவன், எங்களுக்குப் பெருமை" என்று எழுதியிருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் பக்கத்தில் கத்தரித் தோட்டம் கொஞ்சம் செழித்துக் காய்த்துவிட்டாலே, கறுத்தச் சட்டியில் சுண்ணாம்புப் புள்ளி குத்தி வேலியில் கவிழ்த்துவிடுவார்கள். றோட்டால் போகிறவனின் கண் முதலில் சட்டியில் விழட்டும், மிச்சம் இருந்தால் கத்தரிக்காய்க்குப் போகட்டும் என்பது எண்ணம். இங்கே பெற்ற பிள்ளையின் கெட்டித்தனத்தைக் காரில் ஒட்டி, ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

"இஞ்சருங்கோ, இந்த மனிசிக்குப் பயமில்லையோ?" என்று பக்கத்தில் இருந்த என் கணவர் குணத்திடம் கேட்டேன்.

"பச்சை விழுந்திட்டுது. முதல் நீ காரை எடு," என்றார் அவர்.

எனக்கு ஊர் ஜெயபுரம், பூநகரிப் பக்கம். அம்மாவும் அப்பாவும் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கே இருக்க விடாமல் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, கச்சான் கடலை போட்டு, பிறகு நெல் விதைத்தவர்கள். அவர்களின் வாயில் கடைசி வரைக்கும் தோட்டத்துத் தமிழ்தான் இருந்தது. எனக்கும் அக்காவுக்கும் வன்னித் தமிழ் வந்துவிட்டது. குணம் மாங்குளத்துக்காரர். அவருடைய ஆட்கள் குடாநாட்டிலிருந்து குளத்துக் காணிக்கு வந்து வயல் செய்தவர்கள். இப்போது அவர் சாமான் ஏற்றும் லொறி ஓட்டுகிறார், நான் நியூ ஜேர்சியில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் நிற்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், துளசி, பதினாலு வயது. நான் வாயாடி. மனிதர் சொல்லும் சொலவடைகளை வழியில் கிடந்த மணிகளைப்போலப் பொறுக்கிச் சேர்த்தவள். மகளோ வாய்க்குப் பூட்டுப் போட்டவள். "இரண்டு பேருக்கும் ஆண்டவன் வாயைப் பங்கு போடேக்க பிழை விட்டிட்டார்," என்பது குணத்தின் முறைப்பாடு.

ஊரில் பிள்ளையைப் புகழ்வது பெற்றவர்களின் வேலை அல்ல. அது அயலட்டையின் வேலை. எங்கள் பின்வளவில் கனகம்மாக்கா என்று ஒருவர் இருந்தா. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உன்ரை சின்னவள் கணக்கிலை புலியாமே?" என்பா. அம்மா உடனே, "எங்கக்கா, திங்குது, தூங்குது. ஒங்க மகதான் கெட்டிக்காரி," என்பாள். கனகம்மாக்கா அதற்கு, "சும்மா போ, அது ஒரு மொக்கு," என்பா. இப்படி ஒருத்தியின் பிள்ளையை மற்றவள் தூக்க, பெற்றவள் இறக்க, பிள்ளைகள் நாங்கள் வேலியின் இரண்டு பக்கமும் நின்று கேட்டுக்கொண்டிருப்போம். எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அம்மா என்னை மொக்கு என்ற அன்றைக்கும் கோழி இட்ட ஒற்றை முட்டை என் கோப்பையில்தான் கிடந்தது. பெற்றவள் வாயால் புகழ்ந்தால் நாவூறு பட்டுவிடும் என்று அவள் நம்பினாள். இந்த நாட்டில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்க ஒரு கனகம்மாக்கா இல்லை. பாவம், அதனால்தான் எல்லா வேலையையும்போல இதையும் பெற்றவர்களே செய்துகொள்கிறார்கள் என்று பிறகு விளங்கியது. விளங்குவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

துளசி எட்டாம் வகுப்பு முடிக்கும் வருடம் அது. இங்கே ஒன்பதாம் வகுப்போடு ஹைஸ்கூல் தொடங்கும். எங்கள் பகுதியில் அரசாங்கத்தின் பெரிய ஹைஸ்கூல் ஒன்று இருக்கிறது. ஒரு வகுப்பில் முப்பதுக்கு மேல். இன்னொன்று கத்தோலிக்கத் தனியார் பள்ளிக்கூடம். சிவப்புச் செங்கல், மணிக்கூண்டு, நீலக் கோட்டு. அதை 'பிறெப் ஸ்கூல்' என்பார்கள். ஜெயபுரத்தில் இருக்கும் அக்காவுக்குப் போனில் விளங்கப்படுத்தினேன். "யூனிவர்சிற்றிக்கு ஆயத்தப்படுத்திற பள்ளிக்கூடமாம்."

"நாலு வருசமோ ஆயத்தம்? இஞ்சை கலியாணத்துக்கே நாலு நாள்தானேடி," என்றா அக்கா.

குணத்தின் பிரச்சினை வேறு. "கொன்வென்ற் எண்டெல்லோ சொன்னாய். உள்ளை பொடியளும் நிக்கிறாங்கள்?"

"இஞ்சை கலவன்தானப்பா. ஃபாதர்மார் பாத்துக்கொள்ளுவினம்."

"ஃபாதர்மார் பாப்பினம். பொடியள் எங்கை பாப்பாங்கள் எண்டதுதான் கேள்வி," என்றார்.

ஆனால் துளசிக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேண்டும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. எல்லோரையும் உள்ளே விட்டுக் காட்டும் நாளில் நாங்கள் போனோம். ஒரு அறையில் நீள்வட்ட மேசை, சுற்றிப் பன்னிரண்டு கதிரை. ரீச்சர் ஒரு மண்புழுவைக் கண்ணாடித் தட்டில் வைத்து, ஆளுக்கு ஒன்றாகக் கண்டதைச் சொல்லச் சொன்னார். அந்த மேசையில் ஒளிந்துகொள்ளப் பின்வரிசை வாங்கு கிடையாது. முறை வந்தபோது துளசி வாயைத் திறந்தாள். ஒன்றல்ல, மூன்று சொன்னாள். கதவடியில் நின்ற நான் குணத்தின் கையைப் பிடித்துக் கிள்ளிவிட்டேன். வீட்டுக்கு வந்து அவள் சொன்னது ஒரு வரிதான்: "அம்மா, அங்கை நான் கதைச்சால் கேக்கினம்."

எனக்கும் சிஸ்டர்மார், ஃபாதர்மார் என்றால் ஒரு சாய்வு. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில், மாங்குளத்துக்கு அங்காலே ஒரு பாலை மரத்தின் கீழ் உரப்பையை விரித்து எங்களை இருத்திப் படிப்பித்தவர் ஒரு சிஸ்டர். நாங்கள் திருநீறு பூசிக்கொண்டு போவோம். அவர் ஒருநாளும் எங்களைச் சிலுவை போடச் சொன்னதில்லை. திருநீறு வியர்வையில் கண்ணுக்குள் வழிந்தால் தன் முந்தானையால் துடைத்துவிடுவார். அவரும் புகழமாட்டார். கணக்கு நூற்றுக்கு நூறு சரியென்றாலும், "பிழையில்லை," என்பார். எங்கள் பக்கத்தில் பிழையில்லை என்பதற்கு மேலே ஒரு பட்டம் கிடையாது. ஆகவே சாமி எதுவானாலும், அந்த வெள்ளை உடுப்பின் பக்கத்தில் பிள்ளையை விட்டால் பயமில்லை என்பது என் எண்ணம்.

சோதனை எழுதினாள், நல்ல புள்ளி. கடைசியாகப் பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக இருத்திக் கதைக்கும் நேர்முகம். மாசி மாதம், வெளியே முழங்கால் அளவு பனி. காரில் குணம் சட்டம் போட்டார். "நான் கதைக்கிறன். நீ சிரிச்சுக்கொண்டு இரு."

உள்ளே எங்களைச் சந்தித்தவர் மிஸிஸ் பிரெனன், பிள்ளைகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருப்பவர். நரைத்த தலை, நல்ல சிரிப்பு, கையில் ஒரு கொப்பி. குணம் கதைத்தார்: "யேஸ்." பிறகு இன்னொரு "யேஸ்." அதோடு அவருடைய இங்கிலீஷ் முடிந்து என்னைப் பார்த்தார்.

"துளசியைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். அவளிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன? எதில் கெட்டிக்காரி?" என்று மிஸிஸ் பிரெனன் கேட்டார்.

எனக்குத் தெரிந்த மரியாதைப்படி பதில் சொன்னேன். விசேஷமாக ஒன்றும் இல்லை மிஸ், சோம்பேறி, புத்தகத்தைப் பிடித்தால் கூப்பிட்டாலும் கேளாது, ஒழுங்காகத் தேத்தண்ணி போடத் தெரியாது, ஆட்களோடு கதைக்கவும் மாட்டாள் என்றேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். இனி அவருடைய முறை அல்லவா? இல்லையில்லை, நல்ல பிள்ளை, நீங்கள் சும்மா சொல்கிறீர்கள் என்று அவர் சொல்லவேண்டும். கனகம்மாக்கா சொல்லியிருப்பா. மிஸிஸ் பிரெனன் குனிந்து நான் சொன்ன அவ்வளவையும் கொப்பியில் எழுதினார்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. மரியாதை போதவில்லையாக்கும் என்று நினைத்தேன். எழும்பி வெளிக்கிடும்போது துளசியின் கையைப் பிடித்து அவருடைய கையில் வைத்து, ஊரில் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைக்கும்போது சொல்லும் சொல்லை, என் இங்கிலீஷில் சொன்னேன். "மிஸ், ரூ ஐஸ் ஒன்லி யூ லீவ். ஓல் ஸ்கின் யூ ரேக். வீ நொட் கம், நொட் ஆஸ்க்." கண் இரண்டையும் மட்டும் விட்டுவிடுங்கள், மற்றத் தோல் முழுவதையும் உரித்தெடுங்கள், ஏனென்று கேட்டு வரமாட்டோம்.

மிஸிஸ் பிரெனனின் சிரிப்பு, ஃபியூஸ் போன பல்ப்மாதிரி நின்றது. "அம்மா!" என்றாள் துளசி. குணம் கூரையைப் பார்த்தார்.

அந்தச் சொல்லை நான் முதன்முதல் கேட்டது எனக்காகச் சொல்லப்பட்டபோதுதான். ஜெயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாள், அம்மா வழியில் ஒரு பூவரசங்கம்பை முறித்து, இலை உருவி, கொண்டுவந்து அதிபரின் மேசையில் வைத்தாள். "கண்ணு ரெண்டையும் மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிருங்க சார். நாங்க ஏன்னு கேட்டு வரமாட்டோம்." அதிபர் கம்பை எடுத்துச் சன்னலுக்கு வெளியே போட்டுவிட்டுச் சிரித்தார். "கண்ணும் வேண்டாம், தோலும் வேண்டாம். பிள்ளையை மட்டும் விட்டிட்டு நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ அம்மா." கொடுக்கும் வார்த்தை ஒன்று, அதைத் திருப்பிக் கொடுக்கும் வார்த்தை ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் அது முழுச்சொல். எல்லா இடத்திலும் அப்படித்தான் நடந்தது என்று பொய் சொல்லமாட்டேன். முதல் பாதியை அப்படியே பிடித்துக்கொண்டு பிரம்பால் உரித்த வாத்திமாரும் எங்களுக்கு வாய்த்தார்கள். என் வகுப்பில் ஒருவன் அந்தப் பயத்திலேயே பள்ளிக்கூடத்தை விட்டான். ஆனால் அம்மா சொன்னது அடிப்பதைப் பற்றியே அல்ல. என்னிடம் உள்ளதில் பெறுமதியானது இதுதான், உங்களை நம்பி விட்டுவிட்டுப் போகிறேன் என்பதை அவள் வேறு எப்படித்தான் சொல்வாள்?

ஒரு கிழமைக்குப் பிறகு, துளசி அப்போது படித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்தில் மாணவர் ஆலோசகர் அவளைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். மிஸிஸ் பிரெனன் அவரோடு கதைத்திருக்கிறார். அன்றைக்கே மிஸிஸ் பிரெனனிடமிருந்து எங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது: துளசியின் விண்ணப்பத்தைப் பற்றி முடிவெடுக்க முன்னர் வியாழக்கிழமை மூவரும் வந்து மறுபடி கதைக்கவேண்டும். குணம் வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். "தவளை தன்ரை வாயாலை கெடும் எண்டுவினம். எங்கடை வீட்டுத் தவளை மகளின்ரை இடத்தையும் கெடுத்துப்போட்டுது."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். துளசி குசினி வாசலில் வந்து நின்றாள். கோபமாக இருந்தால் இங்கிலீஷில் கத்துவாள். அன்றைக்குத் தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"அந்த ஆலோசகர் மிஸ் கேட்டா, வீட்டிலை அடிக்கிறவையோ எண்டு. இல்லையெண்டன்."

"பின்னை? அது உண்மைதானே."

"பிறகு கேட்டா, வீட்டிலை உன்னைப் பற்றி நல்லதா என்ன சொல்லுவினம் எண்டு." வாசல் நிலையை நகத்தால் சுரண்டினாள். "நான் யோசிச்சனான் அம்மா. கனநேரம் யோசிச்சன். ஒண்டும் ஞாபகத்துக்கு வரேல்லை."

வெங்காயம் நல்லது, அதன்மேல் பழியைப் போட்டுவிடலாம். நான் வேலியின் மறுபக்கத்துக் கதையையும் கேட்டு வளர்ந்தவள். அம்மா இறக்கியதைக் கனகம்மாக்கா தூக்கிவிட்டா. என் மகள் மூன்றாம் மாடியில், இறக்குவதை மட்டுமே கேட்டு வளர்ந்திருக்கிறாள். ஒற்றை முட்டையைப் பார்த்து விளங்கிக்கொள் என்றால், இங்கே பெட்டிக்குப் பன்னிரண்டு முட்டை.

அக்காவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவ சிரித்துச் சிரித்து இருமினா. "உரிக்கச் சொல்லிப்போட்டு வந்தனியோ? அங்கை கோழியையே தோலுரிச்சுத்தானேடி விக்கிறாங்கள். பாவம் அந்த மனிசி, நித்திரை கொண்டிராது." பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னா: "நல்ல மனிசியா இருக்கவேணும். தனக்குப் பிறக்காத பிள்ளைக்கு அடி விழுமோ எண்டு பயந்திருக்கிறா. போய் வடிவாச் சொல்லு. உனக்கு வாய் இல்லையோ?"

வாய் இருந்தது. வியாழக்கிழமை அந்த வாயைக் கொண்டுதான் போனேன். மிஸிஸ் பிரெனனோடு பள்ளிக்கூடத்தின் அதிபரும் இருந்தார், உயரமான ஒரு ஃபாதர். என் சொல்லின் கருத்தைக் கேட்டார்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்வது வழக்கம், ரீச்சர் அதற்குச் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லவேண்டும், ஒருவரும் உரிப்பதில்லை என்று கையையும் காலையும் ஆட்டிச் சொன்னேன்.

"அப்படியானால் அது நம்பிக்கையைப் பற்றியதா?" என்று ஃபாதர் கேட்டார். அவர் சமயத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "நோ ஃபாதர், வீ ஆர் ஹிண்டு," என்றேன். குணம் மறுபடி கூரையைப் பார்த்தார்.

மிஸிஸ் பிரெனன் கொப்பியைத் திறந்தார். "அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. உங்கள் மகளைப் பற்றி ஒரு நல்ல விஷயமாவது சொல்லுங்கள். நீங்கள் அவளை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியவேண்டும்."

"சொல்கிறேன் மிஸ். அவளைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுங்கள்," என்றேன்.

பெற்ற பிள்ளையை முகத்துக்கு முன்னால் புகழக்கூடாது என்ற எண்ணத்தில்தான் கேட்டேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததைக் கண்டபோதுதான், நான் தோண்டிய குழியில் இன்னும் ஒரு முழம் இறங்கியிருக்கிறேன் என்று விளங்கியது. "இல்லை," என்றார் மிஸிஸ் பிரெனன், மெதுவாக ஆனால் உறுதியாக. "துளசி இங்கேதான் இருக்கவேண்டும்."

துளசி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நீள்வட்ட மேசை என் நாக்கின் நுனியில் நின்றது. நான் கதிரையைத் திருப்பி, அவளைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்து இருந்துகொண்டேன். முகத்துக்கு முன்னால் அல்ல என்றாவது இருக்கட்டும். இங்கிலீஷில் தொடங்கினேன்: "மை டோட்டர் குட்." அதற்கு மேலே அந்த மொழியில் எனக்கு வழியில்லை. தமிழுக்கு மாறினேன். எட்டு வயதிலிருந்து எங்களுக்கு வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மொழிபெயர்ப்பது துளசிதான். யாரும் சொல்லாமலே அவள் வழக்கம்போல மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டாள்.

"கீழ்வீட்டிலை ஒரு பிலிப்பைன்ஸ் அம்மா இருக்கிறா. கண் தெரியாது. சனிக்கிழமையிலை இவள் போய் அவவின்ரை கடிதமெல்லாம் வாசிச்சுக் குடுக்கிறவள். எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

துளசி இங்கிலீஷில் சொன்னாள். குரல் காலடியில் கிடந்தது.

"நான் வேலையாலை வந்து கதிரையிலை விழுந்தால், ஒண்டும் கேளாமல் சப்பாத்தைக் கழட்டிவிடுவாள். தேத்தண்ணி போடத் தெரியாதெண்டு அண்டைக்குச் சொன்னது பொய். இவள் போடுற தேத்தண்ணிக்குத்தான் நான் வீட்டை வாறது."

"அம்மா, இதெல்லாம் சொல்லவேணுமோ?"

"நீ உன்ரை வேலையைப் பார். சொல்லு."

சொன்னாள். ஃபாதர் கையை நாடிக்குக் கொடுத்துக்கொண்டு கேட்டார்.

"இவளின்ரை பத்து வயசிலை தகப்பனுக்கு நெஞ்சுநோ வந்து ஆஸ்பத்திரியிலை வைச்சிருந்தவங்கள். டொக்டர் சொல்லுறதை இவள்தான் எனக்குச் சொன்னவள். எல்லாம் சொல்லிப்போட்டுக் கடைசியிலை, பயப்பிட வேண்டாமெண்டு டொக்டர் சொல்லுறார் அம்மா எண்டாள்."

மொழிபெயர்ப்பு வரவில்லை. நான் சன்னலைப் பார்த்தபடியே, "ஏன் நிப்பாட்டினனி?" என்றேன்.

"அம்மா..." என்றாள். "உங்களுக்கு அது தெரியுமோ?"

"தெரியாமலென்ன? அந்த நேரம் டொக்டர் வாயே திறக்கேல்லையே. பேப்பரைப் புரட்டிக்கொண்டெல்லோ நிண்டவர். பத்து வயசுப் பிள்ளை, தன்ரை பயத்தை விழுங்கிப்போட்டு, தாய்க்கெண்டு ஒரு சொல்லைத் தன்ரை வயித்திலையிருந்து எடுத்துத் தந்தது. அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் அண்டைக்கு நிண்டனான். அதைச் சொல்லு இவைக்கு."

பிறகு துளசி சொல்லத் தொடங்கினாள். குரல் உடைந்தது, உடைந்த இடத்திலிருந்து எடுத்து மறுபடி சொன்னாள். அவளுடைய இங்கிலீஷ் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் நான் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. முதற்தடவையாக அவள் தன்னைப் பற்றி, தன் குரலில், ஒளிந்துகொள்ளாமல் கதைத்தாள். குணம் கூரையைப் பார்க்கவில்லை. கைலேஞ்சியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மிஸிஸ் பிரெனன் கொப்பியை மூடினார். இந்த முறை அவர் ஒன்றும் எழுதவில்லை. ஃபாதர் எழும்பி மேசையைச் சுற்றி வந்து, எங்களுக்கு அல்ல, துளசிக்குக் கை கொடுத்தார். "கடிதம் தபாலில் வரும். இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன். செப்டெம்பரில் உன்னை இங்கே எதிர்பார்ப்போம்." பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "தோல் பத்திரமாக இருக்கும், அம்மா."

நான் விளங்கப்படுத்தியபடியே அவர் சொல்லின் இரண்டாம் பாதியைச் சொல்லிவிட்டார். நான் கும்பிட்டேன்.

வெளியே வரும்போது துளசி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "அம்மா, அதெல்லாம் உண்மையா நினைக்கிறதோ? இல்லாட்டி இடம் வேணுமெண்டு சொன்னதோ?"

"போடி, மொக்கு," என்றேன்.

அவள் சிரித்தாள். தகப்பனோடு காருக்கு ஓடினாள். நான் பின்தங்கினேன், ஏனென்றால் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பதினாலு வருடமாக அடைத்து வைத்ததை ஒரே நாளில், அந்நியர் முன்னால், பிள்ளையின் காது கேட்க அவிழ்த்துவிட்டேன். தாய்க் கண்ணு பேய்க் கண்ணு என்பார்கள். தாய் நாக்கு மட்டும் என்ன குறைவா? இதற்கு எங்கள் பக்கத்தில் பரிகாரம் உண்டு. புகழ்ந்தவரின் காலடி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்து, பிள்ளையின் தலையைச் சுற்றி அடுப்பில் போடவேண்டும். இங்கே புகழ்ந்தவள் நான். எடுக்கவேண்டியது என் காலடி மண்.

கீழே பார்த்தேன். தார். பள்ளிக்கூடத்துக்குள்ளே கம்பளம். காருக்குள்ளே றப்பர் விரிப்பு, தொழிற்சாலையில் சீமெந்து, வீடு மூன்றாம் மாடி. பதினொரு வருடமாக நான் இந்த நாட்டில் நடக்கிறேன். என் பாதம் ஒருநாளாவது இதன் மண்ணில் பட்டதில்லை. காலடி மண் என்று எனக்கு ஒன்று இருந்தால் அது ஜெயபுரத்தில் கிடக்கிறது.

வாசல் பக்கமாக ஒரு மாதா சிலை நின்றது. அதன் காலடியில், பூக்கன்று வைக்கக் கிண்டிவிட்ட ஒரு பாத்தியில், பனி உருகிக் கறுத்த மண் தெரிந்தது. சுற்றிப் பார்த்தேன். வலது சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு, அந்த ஈரத்தில் பாதத்தை வைத்து அழுத்தினேன். குளிர் எலும்பு வரைக்கும் ஏறியது. குணம் ஹோர்ன் அடித்தார். துளசி கார்க் கண்ணாடியை இறக்கி, "அம்மா! என்ன செய்யிறீங்கள்? ஆக்கள் பாக்கினம்!" என்று கத்தினாள். உண்மைதான், மேல்மாடிச் சன்னலில் மிஸிஸ் பிரெனன் நின்று எனக்குக் கையசைத்தார். இடது கால் சப்பாத்தோடு தாரில், வலது கால் வெறுமையாக மண்ணில் நிற்க, நானும் கையசைத்தேன்.

அவர் சன்னலை விட்டு விலகியதும், குனிந்து, என் பாதம் பதிந்த இடத்தில் ஒரு சிட்டிகை கிள்ளினேன். சுற்றிக்கொண்டு போக ஒரு கடதாசியும் கையில் இல்லை. உள்ளே போகும்போது வாசலில் என் நெஞ்சில் ஒட்டிவிட்ட சீட்டு ஒன்றுதான் இருந்தது. 'விருந்தினர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த அதை உரித்தெடுத்து, பசை உள்ள பக்கத்தில் மண்ணை வைத்து மடித்துக்கொண்டேன்.